முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்: கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் சன்னலான கட்டளை வரியை முதன்முதலாகத் திறப்பவர்களில் பலர் அடுத்த நொடியே அதை மூடிவிடுகிறார்கள். படம் இல்லை, பொத்தான் இல்லை; ஒரே ஒரு வரியும் அதன் முனையில் துடிக்கும் ஒரு கோடும்தான். நானும் அப்படிப் பலமுறை மூடியவன். அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்காமலேயே பயந்திருக்கிறேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. நீங்கள் இப்போது எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தவரை, புதியவர்களின் பெரிய விபத்துகள் கட்டளை தெரியாததால் வருவதில்லை. ஓர் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் நின்று, சரியான கட்டளையைத் தட்டுவதால் வருகின்றன.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ‘சிடி’ என்றால் சி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ‘எல்எஸ்’ என்றால் எல், எஸ். நான் இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் நீங்களும் ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள். ‘பிங்’, ‘ஹெல்ப்’ போல முழுச் சொல்லாக ஒலிப்பவற்றை அந்த ஆங்கிலச் சொல்லாகவே எழுதிக்கொள்ளுங்கள். விசைப்பலகை தமிழில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று கணினி கைவிரிப்பதற்கு நம்மவர்களிடையே இதுவும் ஒரு காரணம்.

திறப்பது

விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து ‘டெர்மினல்’ என்று தட்டினால் போதும். மேக்கில் கமாண்ட் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, அதே சொல்லைத் தேடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்துவிடும்.

விண்டோஸில் ஒரு குழப்பம் உண்டு. அங்கே இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஒன்று கமாண்ட் ப்ராம்ப்ட். 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் வழக்கங்களை இன்றும் சுமந்துகொண்டிருப்பது. மற்றொன்று 2006-இல் வந்த பவர்ஷெல். வரியின் தொடக்கத்தில் ‘பிஎஸ்’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் நீங்கள் இருப்பது பவர்ஷெல்லில். புதிதாகத் தொடங்குபவர் பவர்ஷெல்லையே பழகுவது நல்லது என்பது என் எண்ணம். லினக்ஸில் பழகிய பல பெயர்கள் அங்கேயும் வேலை செய்யும். ஒன்றைக் கற்றால் மற்றதில் பாதி வந்துவிடும்.

மேக்கும் லினக்ஸும் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியில் வந்தவை. ஆகவே இந்த இரண்டுக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ் என்ற ஷெல் இருக்கும். அதன் வரி டாலர் குறியில் முடியும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து இசட்-ஷெல் வைத்திருக்கிறார்கள். அதன் வரி % குறியில் முடியும். வரியின் முனையில் # குறி தெரிந்தால் கையை எடுத்துவிட்டு ஒரு முறை யோசியுங்கள். கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரத்தோடு அமர்ந்திருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள்.

இணையத்தில் காணும் குறிப்புகளில் கட்டளைக்கு முன்னால் $ குறி போட்டிருப்பார்கள். அது ஷெல்லின் வரியைக் காட்டுவதற்காகப் போட்டது. கட்டளையின் பகுதி அல்ல. அதையும் சேர்த்து ஒட்டிவிட்டுப் பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டாதவர்கள் குறைவு.

நிற்கும் இடம்

திறந்தவுடன் ‘பிடபிள்யூடி’ என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். மேக், லினக்ஸ், பவர்ஷெல் மூன்றிலும் நீங்கள் நிற்கும் கோப்புறையின் முழுப் பாதை வரும். கமாண்ட் ப்ராம்ப்டில் அந்தக் கட்டளை கிடையாது. அங்கே ‘சிடி’ என்று மட்டும் தட்டினால் அதே தகவல் கிடைக்கும். அங்கே இருப்பிடத்தைக் காட்டும் அதே ‘சிடி’, மேக்கிலும் லினக்ஸிலும் வாய் திறக்காமல் உங்களைச் சொந்தக் கோப்புறைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டிலும் மாறிமாறி வேலை செய்பவர்கள் இங்கே கட்டாயம் ஒரு முறை வழுக்குவார்கள்.

விண்டோஸும் உபுண்டுவும் வரியிலேயே முழுப் பாதையைக் காட்டுகின்றன. மேக் கோப்புறையின் கடைசிப் பெயரை மட்டும் காட்டும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் வெவ்வேறு இடத்தில் இருந்தால், வரியைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மேக்காரர்கள் ‘பிடபிள்யூடி’யைச் சற்று அதிகமாகவே தட்டிப் பழகட்டும்.

அடுத்தது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ‘எல்எஸ்’ என்றால் பட்டியல் வரும். கமாண்ட் ப்ராம்ப்டில் ‘டிஐஆர்’. மேக்கிலும் லினக்ஸிலும் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் பட்டியலில் தெரியாது; ‘எல்எஸ் -ஏ’ என்றால் அவையும் தலைகாட்டும்.

பிறகு நடப்பது. ‘சிடி’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, போக வேண்டிய கோப்புறையின் பெயரைக் கொடுங்கள். ‘சிடி ..’ என்று இரண்டு புள்ளிகள் வைத்தால் ஒரு படி மேலே ஏறுவீர்கள். மேக்கிலும் லினக்ஸிலும் ‘சிடி -’ என்று ஒரு கோடு போட்டால், இதற்கு முன் நின்ற இடத்துக்குத் திரும்பிவிடலாம். இரண்டு கோப்புறைகளுக்கு இடையே அலைய வேண்டியிருக்கும்போது இதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் வேறொரு டிரைவுக்குப் போக வெறும் ‘சிடி’ போதாது. அது ஆமாம் என்பதுபோல் பேசாமல் இருந்துவிட்டு, உங்களைப் பழைய இடத்திலேயே விட்டுவைக்கும். ‘சிடி /டி’ என்று எழுதி, அதன் பிறகு பாதையைக் கொடுங்கள்.

பாதையை எழுதும் கோடு விண்டோஸில் \ என்று சாய்கிறது, மற்றவற்றில் / என்று சாய்கிறது. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் கோப்புறை என்ற ஏற்பாடே இல்லை. / என்ற கோட்டை, கட்டளைக்குக் கூடுதல் விவரம் சொல்லப் பயன்படுத்தினார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது அந்தக் கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. ஆகவே எதிர்ப்பக்கம் சாயும் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். பவர்ஷெல் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஷெல் அதை இரண்டு தனிப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வேறுவேறு. ஒரே பெயரைப் பேரெழுத்தில் எழுதினால் அது இன்னொரு கோப்பு. விண்டோஸும், வழக்கமான அமைப்பிலுள்ள மேக்கும் இந்த வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை.

நடக்கச் சலிப்பாக இருக்கிறதா? கோப்புறையைச் சுட்டியால் இழுத்து டெர்மினல் சன்னலின் மேல் விடுங்கள். முழுப் பாதையும் அங்கே எழுதப்பட்டுவிடும். விண்டோஸில் இன்னொரு குறுக்குவழி உண்டு: கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் ‘சிஎம்டி’ என்று தட்டி என்டர் அழுத்தினால், அந்த இடத்திலேயே கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். தலைகீழாகவும் செய்யலாம். நிற்கும் கோப்புறையைச் சன்னலாகப் பார்க்க மேக்கில் ‘ஓபன் .’ என்றும் விண்டோஸில் ‘ஸ்டார்ட் .’ என்றும் தட்டுங்கள். அந்த ஒற்றைப் புள்ளிக்கு ‘இந்த இடம்’ என்று பொருள்.

டேப் விசை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் டேப் விசையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பும். விண்டோஸில் திரும்பத் திரும்ப அழுத்தினால் பொருந்தும் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிமாறி வரும். பாஷில் ஒரே பொருத்தம் இருந்தால் உடனே நிரம்பும். பல இருந்தால் இரண்டாம் முறை அழுத்தும்போது எல்லாவற்றையும் பட்டியலிடும்.

விரலுக்கு ஓய்வு கிடைப்பது இதில் சிறிய லாபம். பெரிய லாபம் வேறு. டேப் அழுத்தியும் பெயர் நிரம்பவில்லை என்றால், அநேகமாக அந்தக் கோப்பு அங்கே இல்லை. நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள், அல்லது முதல் எழுத்தே தவறு. என்டர் அழுத்துவதற்கு முன்பே, எதுவும் கெடாமல், இது தெரிந்துவிடுகிறது. இடைவெளியுள்ள பெயர்களுக்கு வேண்டிய மேற்கோள் குறிகளையும் சாய்கோடுகளையும்கூட டேப் தானே போட்டுவிடும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கும் இது உதவும். பல டெர்மினல்கள் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால், ‘கொ’, ‘கௌ’ போன்றவை பிய்ந்துபோய்த் தெரியலாம். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்வைக்குத்தான் கோணல்.

மேல் அம்புக்குறி, முன்பு தட்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரும். வெகு முன்னால் தட்டியது வேண்டுமென்றால் கண்ட்ரோலையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, அந்தக் கட்டளையில் நினைவிருக்கும் ஏதாவது ஒரு துண்டைத் தட்டுங்கள். பாஷ், இசட்-ஷெல், பவர்ஷெல் மூன்றிலும் இது உண்டு. கமாண்ட் ப்ராம்ப்டில் எஃப்7 விசை பட்டியலைத் திறக்கும்.

நிறுத்தத் தெரிந்துகொள்வது

‘பிங்’ கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பதற்கானது. விண்டோஸில் அது நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் நீங்கள் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கோடு நிற்க வேண்டுமென்றால் அங்கே ‘-சி 4’ என்று சேர்க்க வேண்டும். விண்டோஸில் எண்ணிக்கையை மாற்றுவதற்கு ‘-என்’. ஒரே பெயர், ஒரே வேலை, குணம் மட்டும் வேறு. மூன்று கணினிகளிலும் வேலை செய்பவர்களை இப்படிப்பட்ட சிறு வேறுபாடுகள்தான் படுத்தும்.

ஓடும் எதையும் நிறுத்த: கண்ட்ரோல், சி. மூன்றிலும் இதுவே. இதனால் ஒரு சங்கடமும் உண்டு. மற்ற மென்பொருள்களில் நகலெடுக்கப் பயன்படும் அதே விசைகள் இங்கே வேலையை நிறுத்துகின்றன. லினக்ஸில் நகலெடுக்க ஷிஃப்ட் விசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் டெர்மினலில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் நகலெடுக்கும், இல்லையென்றால் நிறுத்தும். மேக்கில் நகலெடுப்பது கமாண்ட் விசையோடு என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கண்ட்ரோலும் சி-யும் எடுபடாத சில இடங்கள் உண்டு. கையேட்டுப் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டால் க்யூ எழுத்தைத் தட்டுங்கள். வீஐஎம் என்ற திருத்தியில் விழுந்துவிட்டால் எஸ்கேப் விசை, பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். நேனோ திருத்தியில் கண்ட்ரோல், எக்ஸ். லினக்ஸில் திரை உறைந்துபோய் எதைத் தட்டினாலும் ஒன்றும் தெரியவில்லையா? பழக்கதோஷத்தில் சேமிப்பதாக நினைத்து கண்ட்ரோலையும் எஸ்-ஸையும் அழுத்தியிருப்பீர்கள். அது திரையை நிறுத்தும் பழைய ஏற்பாடு. கண்ட்ரோல், க்யூ அழுத்தினால் உயிர் வந்துவிடும். இது தெரியாமல் சன்னலையே மூடி, ஓடிக்கொண்டிருந்த வேலையை நான் இழந்தது ஒரு முறை அல்ல.

கோப்புகளைத் தொடுவது

இனிமேல்தான் கவனம் வேண்டும். முதலில் பயிற்சிக்கென்று ஒரு கோப்புறை உருவாக்கிக்கொள்ளுங்கள்: ‘எம்கேடிஐஆர் டெஸ்ட்’. எல்லா இடத்திலும் இதே கட்டளைதான். பிறகு ‘சிடி டெஸ்ட்’ என்று உள்ளே போய், கைவரும்வரை அங்கேயே விளையாடுங்கள்.

நகலெடுக்க ‘சிபி’, நகர்த்தவும் பெயர் மாற்றவும் ‘எம்வி’, அழிக்க ‘ஆர்எம்’. பவர்ஷெல்லில் இந்தப் பெயர்கள் செல்லும். ஆனால் இவை அங்கே புனைபெயர்கள் மட்டுமே. லினக்ஸில் பின்னால் சேர்க்கும் ‘-ஆர்எஃப்’ போன்ற விருப்பங்களை அது ஏற்காது. கமாண்ட் ப்ராம்ப்டில் ‘காப்பி’, ‘மூவ்’, ‘டிஇஎல்’ என்று தட்டுங்கள். பெயர் மாற்ற மட்டும் ‘ஆர்இஎன்’.

‘ஆர்எம்’ குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதில்லை. ‘டிஇஎல்’லும் அப்படியே. போனது போனதுதான். மேக்கிலும் லினக்ஸிலும் ‘சிபி’யும் ‘எம்வி’யும் சத்தமில்லாமல் கெடுப்பவை: போகிற இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால், கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். மூன்றுக்கும் ‘-ஐ’ என்று சேர்த்தால், மேக்கிலும் லினக்ஸிலும் கேட்டுவிட்டுச் செய்யும். பழகும் காலத்தில் அந்த ஓர் எழுத்தைச் சேர்க்கச் சோம்பாதீர்கள். கட்டளையின் விளைவைக் கோப்பில் எழுதும் > குறிக்கும் இதே குணம்தான். பழைய உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டு எழுதும். கடைசியில் சேர்க்க மட்டும் வேண்டுமென்றால் >> என்று இரண்டு போடுங்கள்.

நட்சத்திரக் குறி * எதனோடும் பொருந்தும். ‘*.டிஎக்ஸ்டி’ என்றால் அந்த ஈற்றுப்பெயருள்ள எல்லாக் கோப்புகளும். இங்கே கை தவறி நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், ‘ஆர்எம் * .டிஎக்ஸ்டி’ என்று ஆகிவிடும். ‘எல்லாவற்றையும் அழி, பிறகு .டிஎக்ஸ்டி என்ற கோப்பையும் அழி’ என்று ஷெல் அதைப் படிக்கும். என்டர் அழுத்திய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. அழிப்பதற்கு முன் அதே வடிவத்தை ‘எல்எஸ்’ஸுடன் தட்டுகிறேன். எந்தெந்தக் கோப்புகள் போகப்போகின்றன என்பது கண்முன் வந்துவிடும். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, ‘எல்எஸ்’ஸை மட்டும் ‘ஆர்எம்’ என்று மாற்றுகிறேன். நட்சத்திரத்தை நான் மறுபடி தட்டுவதே இல்லை. பவர்ஷெல்லில் இன்னும் வசதி உண்டு: ‘-வாட்இஃப்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்தால், எதையும் செய்யாமல், என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும்.

பிழைச் செய்திகள்

அவற்றைப் படியுங்கள், பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கின்றன. கோப்பு இல்லை என்றால், முதலில் ‘பிடபிள்யூடி’. கட்டளை இல்லை என்றால் மூன்று காரணங்களுள் ஒன்று: எழுத்துப் பிழை, அந்த மென்பொருள் நிறுவப்படவில்லை, அல்லது ஷெல் தேடிப் பார்க்கும் கோப்புறைகளின் பட்டியலில் அது இல்லை. ‘பாத்’ என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர். ஒரு மென்பொருளை இப்போதுதான் நிறுவினீர்கள் என்றால், டெர்மினலை மூடித் திறந்து பாருங்கள். ஏற்கெனவே திறந்திருந்த சன்னலுக்குப் பட்டியல் மாறிய செய்தி போயிருக்காது.

அனுமதி இல்லை என்று வந்தால் உடனே ‘சூடோ’வை (எஸ், யூ, டி, ஓ என்ற நான்கு எழுத்துகள்) தேடி ஓடாதீர்கள். மேக்கிலும் லினக்ஸிலும் கட்டளைக்கு முன் ‘சூடோ’ சேர்த்தால் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும் என்பது உண்மை. ஆனால் சொந்தக் கோப்புறைக்குள் செய்யும் வேலைக்கு அனுமதி மறுக்கப்படுகிறது என்றால், நீங்கள் நினைக்கும் இடத்தில் நீங்கள் நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கட்டாயம் வேண்டியிருந்து, கடவுச்சொல் கேட்கும்போது தட்டினால், பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுதாகவில்லை, வேண்டுமென்றே மறைக்கிறார்கள். முழுவதும் தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

இன்னொரு பொறி, சொற்செயலிகளிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது. அவை நேரான மேற்கோள் குறிகளை வளைந்தவையாகவும், சிறு கோட்டை நீளக் கோடாகவும் அழகுபடுத்திவிடும். நம் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஷெல் திகைத்து நிற்கும்.

எந்தக் கட்டளைக்கும் உதவி உள்ளேயே இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் ‘மேன்’ என்று தட்டி, கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேடு திறக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் பெயருக்குப் பின்னால் ‘/?’ சேர்க்க வேண்டும். பவர்ஷெல்லில் ‘கெட்-ஹெல்ப்’. யாரோ தந்த கட்டளையை ஒட்டுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் என்ன செய்கிறது என்று இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பழகிய பிறகு செங்குத்துக் கோடு | உங்களுக்குப் பிடித்துப்போகும். ஒரு கட்டளையின் விளைவை அடுத்ததன் கையில் கொடுப்பது அது. யூனிக்ஸில் 1973-இல் வந்தது. ‘ஹிஸ்டரி | ஜிஆர்இபி பிங்’ என்று லினக்ஸில் தட்டினால், இதுவரை நீங்கள் தட்டியவற்றில் ‘பிங்’ வரும் வரிகள் மட்டும் கிடைக்கும். அந்த வடிகட்டும் வேலைக்குக் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஃபைண்ட்எஸ்டிஆர்’ இருக்கிறது, பவர்ஷெல்லில் ‘செலக்ட்-ஸ்ட்ரிங்’ இருக்கிறது. இதன் அருமை ஒரு பத்தியில் அடங்காது.

பயிற்சி முடிந்ததும் அந்த ‘டெஸ்ட்’ கோப்புறையை அழித்துவிடலாம். உள்ளே நின்றுகொண்டே அழிக்க முயன்றால் விண்டோஸ் மறுத்துவிடும்: அது பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும், பயன்படுத்துவது நீங்கள்தான். லினக்ஸில் முழுப் பாதையைக் கொடுத்து ‘ஆர்எம் -ஆர்’ என்று தட்டினால் மறுக்காது. காலடியில் இருக்கும் தரையையே எடுத்துவிடும். அதற்குப் பிறகும் வரி பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் ‘சிடி ..’ என்று வெளியே வாருங்கள். ‘பிடபிள்யூடி’ தட்டிப் பாருங்கள். ‘எல்எஸ்’ தட்டி, ‘டெஸ்ட்’ கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மேக்கிலும் லினக்ஸிலும் பவர்ஷெல்லிலும் ‘ஆர்எம் -ஆர்’, கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஆர்எம்டிஐஆர் /எஸ்’. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டி, டேப்.